நின்ற இடத்தில் தேயும் டயர்

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து வடகம் பிழிந்து வைத்திருந்தாள் என் மனைவி. சாயங்காலம் எடுக்கப் போனவள் மேலேயிருந்தே குரல் கொடுத்தாள். "என்னங்க, கடைத் தூசிய வீடு வரைக்கும் கொண்டுவந்துட்டீங்களா?" போய்ப் பார்த்தேன். வேட்டியின் ஒரு ஓரத்து வடகம் முழுக்க மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் கருப்புப் பொடி. விரலில் எடுத்துத் தேய்த்தால் திரிதிரியாக உருண்டது. ரப்பர்.

எனக்குக் கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்தில் லாரி டயர் ரீட்ரேடிங் கடை. மொட்டை டயரைச் சுரண்டிப் புதுப் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் மேல் ரப்பர், ஒட்டுவது தொழில், 22 வருடமாக. பஃபிங் மெஷினில் பழைய ரப்பரைச் சுரண்டும்போது பறக்குமே, அதே பொடி, அதே வாசனை. ஆனால் இது கடையிலிருந்து வந்ததில்லை. மாடித் தகரக் கொட்டகையில், சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க மாட்டி வைக்கும் ஸ்டாண்டான சைக்கிள் டிரெய்னருக்கு அடியிலிருந்து காற்றில் பறந்து வந்திருக்கிறது. குனிந்து பார்த்தால் பின் டயரின் நடுப்பட்டன் பாதி காணோம். வாங்கி மூன்று வாரம்தான். அந்த மூன்று வாரத்தில் சைக்கிள் கொட்டகையை விட்டு ஒரு அடி நகரவில்லை.

டயர்க்காரன் வீட்டு டயர் இப்படிப் போனால் வெளியில் சொல்ல முடியுமா? அன்றைக்கு ஆரம்பித்த ஆராய்ச்சி. அதற்கப்புறம் போட்ட டயர் பத்து மாதம் வந்தது. இடையில் நான் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் டிரெய்னர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு. சர்க்கரை எட்டிப் பார்த்தது, டாக்டர் தினமும் 40 நிமிடம் மிதிக்கச் சொன்னார். ஓட்டுவதற்கு எங்கள் ஊரில் இடமில்லாமல் இல்லை. விடியற்காலையில் அணைப் பக்கம் போனால் தென்பெண்ணைக் காற்று முகத்தில் அடிக்கும். ஆனால் வைகாசி, ஆனியில் மாங்காய் வண்டிகள் இறங்கிவிடும். காவேரிப்பட்டணம் ரோட்டில் கூழ் ஃபேக்டரிக்குப் போகும் டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டி நிற்கும். கீழே விழுந்து நசுங்கிய பெங்களூரா மாங்காய் மேல் ஒல்லி டயர் ஏறினால் என்ன ஆகும் என்று ஒருமுறை முழங்கையால் தெரிந்துகொண்டேன். எனக்கும் கடையில் வேலை அதிகமாக இருக்கும் மாதங்கள் அவை. இரவு ஒன்பது மணிக்குத்தான் மிதிக்க நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் சைக்கிளோடு இறங்க எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே டிரெய்னர்.

நான் சொல்வது பின்சக்கரத்தைக் கழற்றாமல் அப்படியே மாட்டும் வகை. இரும்பு ஸ்டாண்டு ஒன்று பின் அச்சை இரண்டு பக்கமும் பிடித்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். பின்னாலிருந்து ஒரு சின்ன உலோக ரோலர் வந்து டயரை அழுத்தும். ரோலரோடு சேர்ந்து சுழலும் கனமான உலோக வட்டு ஒன்று, ஃப்ளைவீல் என்பார்கள், கூடவே காந்தமோ எண்ணெயோ. நாம் மிதிக்க, டயர் ரோலரைச் சுற்ற, காந்தம் இழுத்துப் பிடிக்கும்.

ஏன் தேய்கிறது

நூல் ஒன்றை எடுத்து என் ரோலரைச் சுற்றி அளந்தேன். சுற்றளவு சரியாக 10 செ.மீ. சைக்கிளின் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர். அப்படியென்றால் சக்கரம் ஒருமுறை சுற்றினால் ரோலர் 21 முறை சுற்ற வேண்டும். மணிக்கு 30 கி.மீ. என்று மீட்டரில் காட்டும்போது நிமிடத்துக்கு 500 மீட்டர். சக்கரம் 238 சுற்று, ரோலர் 5000 சுற்று. என் பஃபிங் மெஷினுக்கு உறவுக்காரன் போலத்தான் அது.

ரோட்டில் டயர் தட்டையான தரையில் லேசாக அமுங்கி எழுகிறது. இங்கே பூரிக்கட்டையைவிட ஒல்லியான உருளை ஒன்று ரப்பருக்குள் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு இடமும் அந்தக் குழிக்குள் மடங்கி வெளியே வருகிறது. ரப்பரை மடக்கி விரித்தால் சூடாகும். ஒரு ரப்பர் பேண்டை வேகமாக இழுத்து இழுத்து விட்டு உதட்டில் வைத்துப் பாருங்கள், தெரியும். ரோட்டில் ஓடினால் எதிர்காற்று அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். வீட்டுக்குள் காற்று எங்கே? நம் முகத்துக்கு ஃபேன் வைக்கிறோம், டயருக்கு வைப்பதில்லை. சூடான ரப்பர் இளகும், இளகியது சீக்கிரம் உதிரும்.

சூடு பாதிக் காரணம். மீதிப் பாதி வழுக்கல். டயர் ரோலரைப் பிடித்துக்கொண்டு சுற்றினால் தேய்மானம் கொஞ்சம்தான். பிடி விட்டுச் சறுக்கினால், சறுக்கும் ஒவ்வொரு நொடியும் அது அரம் பிடிப்பது மாதிரி. கடைக்கு வரும் லாரி டயரில் ஒரே இடத்தில் மட்டும் சப்பையாகத் தேய்ந்திருந்தால் டிரைவரிடம் கேட்பேன், "தொப்பூர் கணவாயில எங்கய்யா பிரேக் அடிச்ச?" சக்கரம் நின்று வண்டி இழுத்துக்கொண்டு போயிருக்கும். டிரெய்னரிலும் அதேதான், திசைதான் வேறு. ரோலர் நிற்கிறது, சக்கரம் ஓடுகிறது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்சத்தை நீங்களே யூகித்துவிடலாம். காற்றும் அழுத்தமும்தான் டயரின் ஆயுசு. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்பது இரண்டாம்பட்சம்.

எந்த டயர்

என் முதல் தப்பு இங்கே. என்னுடையது ரோடு சைக்கிளும் மலைச் சைக்கிளும் கலந்த ஹைப்ரிட் சைக்கிள், 700×38 பட்டன் டயரோடு வந்தது. அப்படியே மாட்டிவிட்டேன். பட்டன் டயர் ரோலரில் ஓடும்போது முழு ரப்பரும் ரோலரைத் தொடுவதில்லை. ஒவ்வொரு பட்டனாக ஏறி இறங்கும், அதன் முன்விளிம்பு ஒவ்வொருமுறையும் அடிவாங்கும். மாவு மில் சத்தம் வேறு. கீழ்வீட்டுப் பெரியம்மா இரண்டாம் நாளே "தம்பி, ராத்திரில என்ன அரைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

வழவழப்பான டயர்தான் வேண்டும். நடுவில் கோடோ பள்ளமோ இல்லாத ரோடு டயர். ஈரத்தில் பிடிக்கவே பிடிக்காது என்று நாம் ஒதுக்கும் விலை மலிவான, கெட்டி ரப்பர் டயர் இங்கே ராஜா. ரேஸுக்கென்று வரும் மெல்லிய, மிருதுவான, விலை உயர்ந்த டயரைக் கொண்டுவந்து ரோலரில் வைப்பது பட்டுப்புடவையால் பாத்திரம் துலக்குவது.

டிரெய்னருக்கென்றே தனி டயரும் விற்கிறார்கள். கான்டினென்டல், விட்டோரியா, டாக்ஸ் என்று சில கம்பெனிகள் போடுகின்றன. சூடு தாங்கும் கெட்டி ரப்பர். பெரும்பாலும் நீலம், சிவப்பு, ஆரஞ்சு என்று பளிச்சென்ற நிறத்தில் இருக்கும். தப்பித்தவறி ரோட்டில் எடுத்துக்கொண்டு போய்விடாமலிருக்க அந்த நிறம் நல்ல அடையாளம், ஏனென்றால் அது ரோட்டில் பிடிக்காது. ரோட்டில் ஓட்டாதே என்று டயரிலேயோ அட்டையிலேயோ எழுதியிருப்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் ஒரு மணி நேரம் மிதிப்பவர் வாங்கலாம். என்னைப் போல மழைக்கும் மாங்காய்க்கும் பயந்து மிதிப்பவருக்குப் பழைய ரோடு டயர் போதும் என்பது என் கட்சி.

பழசு என்றதும் எதை வேண்டுமானாலும் எடுத்துவிடாதீர்கள். ரீட்ரேடிங்குக்கு வரும் டயரில் நாங்கள் பட்டனைப் பார்ப்பதேயில்லை, அது எப்படியும் போனதுதான். உடம்பைத்தான் பார்ப்போம். பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா, நூல் தெரிகிறதா, எங்காவது உப்பியிருக்கிறதா என்று. சைக்கிள் டயருக்கும் அப்படியே பாருங்கள். நடு ரப்பர் சுமாராகத் தேய்ந்திருந்தால் பரவாயில்லை. பக்கம் வெடித்திருந்தால் ரோலர் சூட்டில் அது விரியும். முக்கியமாக, ரோட்டில் ஓடிய டயரை நல்ல வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பாருங்கள். எங்கள் பக்கம் நெருஞ்சி முள் ஏறாத டயர் கிடையாது. ரோட்டில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் முள், ரோலர் அழுத்தியதும் உள்ளே போய் டியூபைப் பார்த்துவிடும். கண்ணாடித் துண்டோ கல்லோ இருந்தால் ரோலரில் கோடு விழும். கோடு விழுந்த ரோலர் அப்புறம் போடுகிற ஒவ்வொரு டயரையும் அரிக்கும்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டயரின் பக்கத்தில் 28-622 என்று ஒரு ஜோடி எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மி.மீ. கணக்கில். இரண்டாவது எண் பொருந்தியே ஆக வேண்டும். 700 என்று போட்டவையும் 29 அங்குல மலைச் சைக்கிளும் ஒரே 622தான். 27.5 அங்குலம் 584. நம் அப்பா காலத்து 28 அங்குலப் பெரிய சைக்கிள் 635, அதன் டயர் இதில் தொளதொளவென்று நிற்கும், உட்காரவே உட்காராது. "28 குடுங்க" என்று மட்டும் கேட்டுக் கடையில் ஒருவர் இந்தப் பெரிய சைக்கிள் டயரை வாங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். மலைச் சைக்கிளின் அகல ரிம்மில் ஒல்லி டயரைத் திணிக்காதீர்கள். அதற்கேற்ற அகலத்திலேயே வழவழப்பான டயர் கிடைக்கும்.

டியூப் போடுமுன் டயருக்குள்ளே கொஞ்சம் பவுடர் தூவுங்கள். லாரி டயருக்கு நாங்கள் செய்வதுதான். சூட்டில் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாது. டிரெய்னர் சக்கரத்தில் ஒட்டுப் போட்ட டியூபை நான் வைப்பதில்லை. ஒருமுறை சூட்டில் ஒட்டு கிளம்பி இரவு பத்தே கால் மணிக்குப் புஸ்ஸென்று போனது.

டயர் ஏறியதும் சக்கரத்தைச் சுழற்றி, ரிம்முக்குச் சற்று மேலே டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. ரோட்டில் அது தெரியாமல் போகலாம், ரோலரில் ஒவ்வொரு சுற்றுக்கும் திம், திம் என்று சொல்லிக் காட்டும். சக்கரம் கோட்டமாக இருந்தாலும் இதே கதை. முதலில் கோட்டம் எடுங்கள்.

துடைப்பது

புது டயரின் மேல் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த ஒரு வழவழப்பு இருக்கும். பழைய டயரில் தார், மண், செயின் எண்ணெய். ரோலரிலும் பெட்டியில் அடைபட்டு வந்தபோதிருந்த எண்ணெய்ப் பசை. இவை இருக்கும்வரை டயர் வழுக்கும். மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து டயரின் நடுப்பகுதியையும் ரோலரையும் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

நான் புத்திசாலித்தனமாகக் கடையில் ரப்பர் சொல்யூஷன் கரைக்கும் திரவத்தைக் கொண்டுவந்து துடைத்தேன். ரப்பர் மேலே இளகிப் பிசுபிசுத்து, அன்றைக்கு ரோலர் முழுக்கக் கருப்பாக ஒட்டிக்கொண்டது. பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் வேண்டாம். டயர் பாலிஷ் போட்டுப் பளபளக்க வைப்பவர்கள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

காற்று

ஒல்லி ரோடு டயருக்கும் கர்நாடகாவுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரியின் டயருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 100 பிஎஸ்ஐ சுமார். இதைச் சொன்னால் என் கடைப் பையன்கள் நம்புவதில்லை. நம்ப வைக்கிறேன் பேர்வழி என்று கம்ப்ரஸர் குழாயைச் சைக்கிள் வால்வில் வைத்தேன். லாரி டயருக்குள் காற்று நிரம்ப நிமிடங்கள் ஆகும், இதற்குள் இருப்பது ஒரு செம்பு காற்று. கண் இமைப்பதற்குள் வெடித்தது. எதிர் டீக்கடையில் வடையோடு எழுந்து நின்றார்கள். ஆகவே மீட்டர் வைத்த கைப்பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு அடிப்பது போதும்.

எவ்வளவு வைப்பது? டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் என்று ஒரு எண் இருக்கும். அதைத் தாண்டாமல், அதற்குச் சற்றுக் கீழே. என் 700×28 டயரில் 100 என்று போட்டிருக்கிறது, நான் 95 வைக்கிறேன். அகலமான டயரில் அந்த எண் குறைவாக இருக்கும், அதையும் மதியுங்கள். சில புது ரிம்களுக்கும் தனியாக ஒரு எல்லை உண்டு, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. ரோட்டில் குலுக்கல் தாங்க காற்றைக் குறைத்து ஓட்டுவோம். இங்கே குலுக்கல் ஏது? குறைந்த காற்றில் ரோலர் ஆழமாகப் புதையும், மடக்கல் கூடும், சூடு கூடும்.

டியூப் சும்மா இருந்தாலே ஒரு வாரத்தில் காற்று கொஞ்சம் இறங்கிவிடும். அதனால் ஏறி உட்காரும்முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓட்டி முடித்த சூட்டில் மீட்டர் கூட்டிக் காட்டும்.

அழுத்தம்

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

காற்று அடித்தாயிற்று. சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டும்போது அச்சுக்குள் நுழைத்து லீவரால் இறுக்கும் குயிக் ரிலீஸ் கம்பியில், டிரெய்னரோடு வந்த இரும்புக் கம்பியையே போடுங்கள், சைக்கிளில் இருந்தது இதற்கு ஆனதில்லை. நட் வைத்த அச்சுக்கும், துளைவழி செருகும் புது மாதிரி அச்சுக்கும் தனி இணைப்பு வேண்டும். கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் டிரெய்னரில் மாட்டலாமா என்று சைக்கிள் கம்பெனியின் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் ரோலரின் நடுவில் வரவேண்டும்.

இப்போது ரோலரின் திருகைத் திருப்பி, ரோலர் டயரை முத்தமிடும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். என் டிரெய்னரின் கையேடு இரண்டு சுற்று என்கிறது. சிலவற்றில் இரண்டரை, மூன்று. லீவர் வைத்த மாடலில் தொடும் அளவை வைத்துவிட்டு லீவரை அழுத்தினால் போதும். உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அது.

அப்புறம் கைச்சோதனை. ஒரு கையால் ஃப்ளைவீலை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கையால் டயரைப் பிடித்து, மிதித்தால் சுற்றும் திசையில் வெடுக்கென்று இழுங்கள். டயர் ரோலர் மேல் சறுக்கினால் அழுத்தம் போதாது, கால் சுற்று கூட்டுங்கள். மறுபடி இழுங்கள். டயர் சறுக்காமல் ஃப்ளைவீல் உங்கள் கையைத் திமிறிக்கொண்டு நகர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு திருப்பும் வேண்டாம். எல்லாம் நின்றிருக்கும்போது செய்யும் சோதனை இது. ஓடும் சக்கரத்தில் விரல் வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அதிகம் அழுத்தினால் பிடிப்பு நன்றாக இருக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வடகச் சம்பவத்துக்கு மறுநாள் நான்கு சுற்று வைத்து இறுக்கினேன். பொடி நின்றது. ஆனால் 20 நிமிடத்தில் டயரைத் தொட முடியவில்லை, மிதிப்பது செக்கு இழுப்பது போலாயிற்று, ரோலர் பேரிங் முனக ஆரம்பித்தது. வழுக்கலைத் தப்பித்துச் சூட்டில் விழுந்தேன். எனக்குத் தெரிந்தவரை இரண்டில் மோசம் வழுக்கல்தான், அது நிமிடக் கணக்கில் ரப்பரைத் தின்னும். சூடு மெதுவாகக் கொல்லும். இரண்டும் இல்லாத ஒரு இடம் உண்டு. அது எத்தனை சுற்று என்று கண்டுபிடித்ததும் ஸ்டாண்டிலேயே எழுதிவிடுங்கள். நான் டயரில் குறி போடும் மஞ்சள் சாக்பீஸால் "2¼" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

காற்றைக் குறைத்தால் இந்தக் கணக்கு தப்பும். அதனால்தான் முதலில் காற்று, பிறகு திருகு. மாற்றிச் செய்யாதீர்கள்.

மிதிக்கும்போது

முதல் பத்து நிமிடம் லேசாக. குளிர்ந்த டயர் மக்கராக இருக்கும், சூடேறியதும் இலகுவாகும். ஆரம்பத்தில் கனமாக இருக்கிறதே என்று திருகைத் தளர்த்தாதீர்கள், பின்னால் இலகுவாகிவிட்டதே என்று இறுக்காதீர்கள். சக்தியை அளந்து காட்டும் ஸ்மார்ட் டிரெய்னர் வைத்திருப்பவர்களுக்கு இதே காரணத்தால்தான் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அளவு திருத்தச் சொல்கிறார்கள்.

நின்ற நிலையிலிருந்து எழுந்து நின்று மிதிக்காதீர்கள். ஃப்ளைவீல் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும், நீங்கள் சக்கரத்தை உதைப்பீர்கள், கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தக் கீச்சு ஒவ்வொன்றும் காசு. வேகம் கூட்டுவதை ஐந்தாறு மிதியில் பரவலாகக் கூட்டுங்கள்.

பின்பிரேக்கைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். மகள் லீவில் வந்தபோது ஏறி மிதித்துவிட்டு, ரோட்டில் நிறுத்துகிற பழக்கத்தில் பிரேக்கைப் பிடித்துவிட்டாள். சக்கரம் நின்றது, ஃப்ளைவீல் நிற்கவில்லை. ரோலர் ஒரே இடத்தில் சுற்றி, நகம் அளவுக்கு ஒரு சப்பை. தொப்பூர் டயர் மாதிரியே. மிதிப்பதை நிறுத்தினால் போதும், தானாக நிற்கும்.

டயருக்கும் காற்று வேண்டும். ஒரு சின்ன டேபிள் ஃபேனைப் பின்சக்கரத்துப் பக்கம் திருப்பி வைத்தேன். நிறுத்தியதும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடு என்றால் சரி, கையை எடுக்க வைத்தால் காற்றும் திருகும் மறுபடி பார்க்க வேண்டும். மதியம் தகரக் கொட்டகைக்குள் மிதிப்பதை விட்டுவிட்டேன். அது டயருக்கு மட்டுமல்ல, எனக்கும் ஆகவில்லை.

முடித்ததும் ரோலரைத் தளர்த்தி டயரை விடுவியுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். அழுத்தியபடியே நாலு நாள் நின்றால் அந்த இடம் குழிந்துவிடும், அடுத்தமுறை ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டும். முன்சக்கரத்தையும் அவ்வப்போது கொஞ்சம் திருப்பி வையுங்கள், அது மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் கீழே ஒரு கட்டை வைத்துச் சைக்கிளை மட்டமாக்கினால் உங்கள் கைக்கும் நல்லது. வியர்வை சொட்டும் இடத்தில் ஒரு துண்டு போடுங்கள். உப்பு போல்ட்டைத் தின்னும்.

டயரைப் படிப்பது

லாரி டயர் நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு என்று சொல்லிவிடுவோம். டிரெய்னரில் எப்போதும் நடுதான் தேயும், ரோலர் அங்கேதான் தொடுகிறது. இங்கே பார்க்க வேண்டியது அந்தத் தேய்ந்த பட்டையின் அகலம். என் 28 மி.மீ. டயரில் சுண்டுவிரல் அகலத்துக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. கட்டைவிரல் அகலத்துக்கு விரிந்தால் காற்று குறைந்திருக்கிறது அல்லது திருகு அதிகம். பட்டை ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் சக்கரம் ரோலருக்கு நேராக உட்காரவில்லை.

கீழே விழும் பொடியும் பேசும். புது டயர் முதல் சில நாள் கொஞ்சம் உதிர்ப்பது வழக்கம். அதற்கப்புறமும் உதிர்ந்தால் வழுக்குகிறது. திரிதிரியாக உருண்டு விழுந்தால் வழுக்கலோடு சூடும் இருக்கிறது. அடியில் பழைய யோகா பாய் ஒன்றை விரித்திருக்கிறேன். பொடி கண்ணுக்குத் தெரியும், சத்தமும் கொஞ்சம் அமுங்கும், வடகத்துக்கும் போகாது. ரோலரில் கருப்பாகப் படிந்திருப்பதை வாரம் ஒருமுறை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

எப்போது தூக்கிப் போடுவது? நூல் தெரிந்தால் அன்றைக்கே. டயரின் உருட்டு வடிவம் போய் உச்சி பலகை மாதிரி ஆகி, பக்கம் விரிசல் விட்டால் அப்போதும். சில ரோடு டயர்களில் நடுவே சின்னதாக இரண்டு புள்ளிக் குழி இருக்கும், அவை மறைந்தால் ரப்பர் தீர்ந்தது என்று அர்த்தம். டிரெய்னரில் வெடித்தால் யாரும் கீழே விழப்போவதில்லைதான், ஆனால் நாலு சுவருக்குள் அந்தச் சத்தம் லேசுப்பட்டதில்லை.

சைக்கிள் கடைத் தம்பி ஒருவன் கேட்டான், "அண்ணா, இதுக்கும் நீங்களே பட்டன் ஒட்டிக்கலாமே?" லாரி டயரில் விரல் புதையும் அளவுக்கு, 15 மி.மீ.க்கு மேல் ரப்பர் உண்டு, சுரண்டி ஒட்ட இடமிருக்கிறது. இதில் இருப்பது தோசை கனம். சுரண்டினால் காற்றுதான் மிஞ்சும்.

ரோட்டுக்கு வரும்போது

ரோலரில் ஓடிய டயரோடு ரோட்டில் இறங்காதீர்கள். நடுவில் சப்பையாகி, சூட்டில் மேல்தோல் கண்ணாடி மாதிரி மினுங்கும். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. திருப்பத்தில் சைக்கிள் சாயும்போது அந்தச் சப்பையின் விளிம்பில் ஏறி இறங்கும். அந்த டயரோடு பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறக்கத்தில் நான் போனேன். விழவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் தனியாக யோசித்துக்கொண்டிருந்தது. கீழே போய் மீன் சாப்பிட்டபோதுகூடக் கை நடுக்கம் நிற்கவில்லை. திரும்பி வரும்போது சைக்கிளை டெம்போவில் ஏற்றிவிட்டேன்.

ஒவ்வொருமுறையும் டயரை மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? டிரெய்னருக்கென்று ஒரு பழைய பின்சக்கரம் வாங்கிக்கொள்ளுங்கள். அதே அச்சளவு, பின்னால் அதே எண்ணிக்கையில் பல்சக்கரங்கள் இருந்தால் போதும், கோட்டம் எடுத்து டயரைப் போட்டு வைத்துவிடலாம். ஞாயிறு காலை சக்கரத்தை மாற்ற எனக்கு நாலு நிமிடம். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் டிஸ்க் உரசுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்தத் தொல்லையே இல்லாத வகையும் இருக்கிறது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை நேராக மெஷினிலேயே மாட்டுவது. ரோலர் கிடையாது, வழுக்கல் கிடையாது, பொடி கிடையாது, சத்தமும் குறைவு. விலைதான் என்னுடையதைப்போலப் பல மடங்கு. மகள் போனில் அதைத்தான் வாங்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். "டயரே வேணாம்ப்பா, நிம்மதி." டயர் வேண்டாத மெஷினை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு பைபாஸில் என்ன போர்டு மாட்டிக்கொண்டு உட்காருவது? இப்போது ஓடும் டயரின் பக்கத்தில் மஞ்சள் சாக்பீஸில் தேதி போட்டிருக்கிறேன், வரும் மாங்காய் சீசன் வரை வருகிறதா பார்ப்போம்.